சாலையை மூடாமல் சில நிமிடங்கள் மட்டும் வாகனங்களை நிறுத்தி வைக்க ஆணை வேண்டுமா?

செங்கூம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். விரைவில் தொடங்கவிருக்கும் ஒரு பணிக்கான போக்குவரத்துத் திட்டத்தைத் தயாரிக்கும்போது ஓர் ஐயம் எழுந்தது. தளத்தில் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள இருவழிச் சாலை. அதன் ஒரு பாதியைத் தடுத்துச் சுமார் 60 மீட்டர் நீளத்துக்குத் தோண்டுகிறோம். மறுபாதியில் ஸ்டாப்/கோ பலகைகளை வைத்து இரு திசை வாகனங்களையும் மாற்றி மாற்றி விடப் போகிறோம். சாலையைத் தோண்ட உள்ளாட்சிக் கவுன்சிலுக்கு அனுப்பும் பர்மிட் விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் லாரியிலிருந்து குழாய்க் கட்டுகளை இறக்கும்போது லாரியின் கிரேன் கை, வாகனங்கள் ஓடும் பாதைக்கு மேலே சுழல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இரு திசைகளையும் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு கட்டுக்கு மூன்று நான்கு நிமிடங்கள் ஆகும். ஒரு முற்பகலில் ஏழெட்டுக் கட்டுகள் இறங்கும்.

சாலையைச் சிறிது நேரம் நிறுத்துவதும் சாலையை மூடுவதுதான், அதற்குத் தற்காலிகப் போக்குவரத்து ஒழுங்கு ஆணை வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். பத்து நிமிடங்கள் வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறார் இன்னொருவர். பதினைந்து என்கிறார் மற்றொருவர். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எண் எதுவும் இல்லையென்றால், நிறுத்துவதற்கும் மூடுவதற்கும் நடுவே கோட்டை எதை வைத்துப் போடுவது? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எங்கள் ஆளுக்கு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது ஓட்டுநர்களின் பொறுமையை நம்பித்தான் வேலை நடக்கிறதா?

—

வெள்ளைக்கோடு எழுதியது:

வணக்கம் செங்கூம்பு. போக்குவரத்துத் திட்டங்கள் வரைவதே என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் மேசைக்கு வரும். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் சாலையின் நடுவே நின்று கையை நீட்டினால், அந்தக் கைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் கைக்கும் நெடுஞ்சாலைப் போக்குவரத்து அதிகாரியின் கைக்கும் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 35ஆம் பிரிவில் அந்த மதிப்பைத் தருகிறது. ஒப்பந்தக்காரரின் ஆளுக்குத் தரவில்லை. உங்கள் ஆளின் அதிகாரம் முழுவதும் அவர் பிடித்திருக்கும் பலகையில்தான் இருக்கிறது. கையால் இயக்கும் ஸ்டாப், கோ பலகைகளை, பிரிட்டனின் சாலை விதி நூலான ஹைவே கோடு கட்டளையிடும் குறிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே விதிப்படியான பலகையை, விதிப்படி முன்னறிவிப்புக் குறிகள் நிறுவப்பட்ட தளத்தில் காட்டினால், ஓட்டுநர் நின்றாக வேண்டும். பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டினால், அவர் நிற்பது வெறும் நாகரிகம்.

இரு திசைகளையும் ஒரே நேரத்தில் சிறிது நேரம் நிறுத்துவதற்கென்றே தனியாக ஸ்டாப்/ஒர்க்ஸ் பலகை இருக்கிறது. இயந்திரம் சாலையைக் குறுக்கே கடப்பது, சுமை இறக்குவது போன்ற வேலைகளுக்கு ஏற்பட்டதுதான் அது. அப்படி ஒரு பலகை விதிகளில் இடம்பெற்றிருப்பதே உங்கள் அலுவலக நண்பரின் முதல் வாதத்துக்கு மறுமொழி. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் ஆணை வேண்டும் என்பது உண்மையானால், அந்தப் பலகைக்கு வேலையே இருந்திருக்காது.

இனி ஆணை. 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாலையிலோ அதன் அருகிலோ பணி நடப்பதால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ வேண்டும் என்று போக்குவரத்து அதிகார அமைப்பு (பெரும்பாலும் கவுன்சில்) கருதினால் ஆணை பிறப்பிக்கலாம் என்கிறது. இத்தனை நிமிடங்களுக்கு மேல் என்றால் ஆணை, அதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்ற அளவு அந்தப் பிரிவில் இல்லை. பொதுவாகச் சாலைக்கான ஆணை 18 மாதங்கள் வரை நீடிக்கலாம். பிறப்பிப்பதற்குக் குறைந்தது 7 நாட்கள் முன்னதாக உள்ளூர் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். கவுன்சில்களோ நடைமுறையில் பல வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பத்தைக் கேட்கின்றன. தாமதிக்க முடியாத நிலையில் ஆணைக்குப் பதிலாக அறிவிப்பு ஒன்றை மட்டும் வெளியிடும் வழியும் அதே பிரிவில் இருக்கிறது. பணிக்காக என்றால் அது 5 நாட்கள் செல்லும். பொதுமக்களுக்கு ஆபத்து நேரக்கூடும் என்ற காரணத்தால் என்றால் 21 நாட்கள். இந்தக் கால அளவுகளைப் பார்த்தாலே, இந்த ஏற்பாடு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீளும் தடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது புரியும். ஒரு கட்டுக் குழாய் இறக்கும் நேரத்தை அளக்க இந்த அளவுகோல் பயன்படாது.

அப்படியானால் எல்லை எது? நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: வேலையின் எந்தக் கட்டத்தில் யார் வந்து கேட்டாலும், சாலையை எவ்வளவு விரைவில் திருப்பிக் கொடுக்க முடியும்? கிரேன் கையை உள்ளே திருப்பிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒன்று அல்லது இரண்டு நிமிடங்களில் பாதையைத் திறக்க முடியும் என்றால், நீங்கள் வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பள்ளத்தை மூடினால்தான் திறக்க முடியும், அல்லது கிரேனின் தாங்கு கால்களை மடக்கி எடுத்தால்தான் திறக்க முடியும் என்றால், கடிகாரம் எதைக் காட்டினாலும் நீங்கள் சாலையை மூடியிருக்கிறீர்கள். நிறுத்தப்பட்ட ஓட்டுநர் அதே சாலையில் காத்திருந்து அதே சாலையில் போக வேண்டும். அவரிடம் போய் வேறு வழியாகச் செல்லுங்கள் என்று சொல்லத் தொடங்கிய நிமிடமே, மாற்றுவழிக் குறி வைத்த நிமிடமே, அது மூடல்தான். அதற்கு ஆணை இல்லையென்றால், சட்ட அனுமதியோ நியாயமான காரணமோ இன்றி நெடுஞ்சாலையில் தடங்கல் ஏற்படுத்துவதைக் குற்றமாக்கும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவை யாரும் உங்களுக்கு நினைவூட்டலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஆணை தேவையில்லை என்பதற்கு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. உங்கள் பர்மிட்டில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறையாக ஸ்டாப்/கோ மட்டும் இருக்கிறது. இரு திசைகளையும் நிறுத்தும் நேரங்கள் உண்டு என்பதையும் அவை எந்த மணிக்குள் நடக்கும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். பர்மிட் நிபந்தனையை மீறுவது தனிக் குற்றம். நிறுத்தியது சரியா தவறா என்ற விவாதத்துக்கே அங்கே இடமிருக்காது.

—

நீள்வரிசை எழுதியது:

வெள்ளைக்கோடு ஐயா சொன்ன சட்ட விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் நிமிடங்களுக்கு எல்லை இல்லை என்பதை மட்டும் வாசித்துவிட்டு யாரும் போய்விடக் கூடாது. எல்லை இருக்கிறது, அதைச் சட்டப் புத்தகத்தில் தேடாமல் தளத்தில் அளக்க வேண்டும்.

நிறுத்தப்பட்ட கார் ஒன்று, முன்னால் விடும் இடைவெளியையும் சேர்த்து, ஏறத்தாழ 6 மீட்டர் இடத்தைப் பிடிக்கும். பேருந்து, லாரி என்றால் இரண்டு மடங்கும் அதற்கு மேலும். உங்கள் பலகையிலிருந்து பின்னோக்கி, அடைபடக் கூடாத முதல் இடம் எது என்று பாருங்கள்: சந்திப்பு, பாதசாரிக் கடவை, தீயணைப்பு நிலைய வாசல், ரயில் கடவை. அந்தத் தூரத்தை 6ஆல் வகுத்தால் எத்தனை வாகனங்களுக்கு இடம் என்று தெரியும். பிறகு அந்த நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை வாகனங்கள் வருகின்றன என்று எண்ணி, அதனால் வகுத்தால் எத்தனை நிமிடங்கள் நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். ரெட் புக் என்று எல்லோரும் சொல்லும், சாலைப் பணித்தளப் பாதுகாப்புக்கான நடைமுறைத் தொகுப்பு மூன்று நிமிட எண்ணிக்கையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. நீங்களும் அதையே பின்பற்றலாம்.

அந்தத் தொகுப்பின் எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது. பலகையும் விளக்கும் இன்றி ஓட்டுநர்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்துப் போகும் முறைக்கு, தளம் 50 மீட்டருக்கு மிகாமலும், வேக வரம்பு மணிக்கு 30 மைலுக்கு மிகாமலும், இரு திசைகளையும் சேர்த்து மூன்று நிமிடத்தில் 20 வாகனங்களுக்குக் குறைவாகவும், கனரக வாகனங்கள் மணிக்கு 20க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஸ்டாப்/கோ முறையில் 100 மீட்டர் தளத்துக்கு மூன்று நிமிடத்தில் 70 வாகனங்கள் வரை தாங்கும் என்றும், 500 மீட்டர் என்றால் 42தான் என்றும் அட்டவணை சொல்கிறது. தளம் நீள நீள, ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் பாதை காலியாவதற்காகக் காத்திருக்கும் நேரம் கூடுவதுதான் இந்த இறக்கத்துக்குக் காரணம். இரு திசைகளையும் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கொள்ளளவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறீர்கள் என்பதை அட்டவணை தானாகச் சொல்லாது.

உங்கள் சாலையின் எண்களைச் சொல்லுங்கள், சேர்ந்தே கணக்கிடலாம்.

—

செங்கூம்பு எழுதியது:

மிக்க நன்றி. முற்பகல் பத்து மணியளவில் எண்ணியபோது மூன்று நிமிடத்தில் 24 வாகனங்கள். அவற்றில் 16 ஊரை நோக்கிச் செல்பவை, 8 எதிர்த் திசையில் வருபவை. ஊரை நோக்கிச் செல்லும் பக்கத்தில், எங்கள் பலகை நிற்கப்போகும் இடத்திலிருந்து 120 மீட்டர் பின்னால் ஒரு சிறிய வட்டச் சந்திப்பு இருக்கிறது. எதிர்த் திசையில் நீண்ட தூரத்துக்குத் தடை எதுவும் இல்லை. ரயில் கடவை அருகில் இல்லை.

—

நீள்வரிசை எழுதியது:

120 மீட்டரில் 20 கார்களுக்கு இடம். மூன்று நிமிடத்தில் 16 என்றால் நிமிடத்துக்கு ஐந்துக்குச் சற்று மேல். ஆக, மூன்றே முக்கால் நிமிடத்தில் வரிசை வட்டச் சந்திப்பைத் தொட்டுவிடும். இரண்டு பேருந்துகள் வந்துவிட்டால் அதற்கும் முன்பே. வரிசை வட்டத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சந்திப்பின் மற்ற எல்லாச் சாலைகளும் நிற்கும். உங்கள் பணிக்குத் தொடர்பே இல்லாதவர்களையும் நிறுத்தியவர் ஆவீர்கள். எனவே உங்களுக்கு உச்ச அளவு மூன்று நிமிடங்கள். அதுவும், நிறுத்தத் தொடங்கும்போது அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே வரிசை எதுவும் இல்லாதிருந்தால்தான். ஊரை நோக்கிச் செல்லும் பக்கத்துக்குக் கோ காட்டி, அது முழுவதும் வடிந்த பிறகு நிறுத்துங்கள். மறுபக்கத்துக்குக் கோ காட்டி முடித்த கையோடு நிறுத்தினால், காத்திருக்கும் ஐந்தாறு கார்கள் உங்கள் மூன்று நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும்.

அடுத்த நிறுத்தத்துக்கு எவ்வளவு இடைவெளி? மூன்று நிமிடம் நிறுத்தினால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 8 வாகனங்கள் காத்திருக்கும். குறுகிய பாதையில் வாகனத்துக்கு இரண்டரை வினாடி என்று வைத்தால், பெரிய வரிசை 40 வினாடியில் கரையும். அதற்குள் வந்து சேர்பவற்றுக்கு இன்னும் ஒரு பத்து வினாடி. 60 மீட்டர் பாதை காலியாகப் பத்து வினாடி. மறுபக்கத்து எட்டும் இடையில் சேர்ந்த இரண்டு மூன்றும் போக அரை நிமிடம். மீண்டும் ஊர்ப் பக்கத்தில் சேர்ந்தது வடிய வேண்டும். சுமாராக இரண்டு நிமிடத்தில் நிலைமை பழையபடி வரும். நடைமுறையில் ஐந்து நிமிட இடைவெளி விட்டால்தான் முதல் நிறுத்தத்தின் எச்சம் இரண்டாவதன் மேல் ஏறாது. ஏழெட்டுக் கட்டுகளுக்கு இந்த வேகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். லாரி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவசரப்படுத்துபவர் அவராகத்தான் இருப்பார்.

இவை பத்து மணிக்கான எண்கள். பள்ளி விடும் நேரத்துக்கும் இவை பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

—

பச்சைப்பலகை எழுதியது:

கணக்கும் சட்டமும் தெளிவாகிவிட்டன. பலகை பிடிப்பவர் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

20 மீட்டருக்கு மிகாத தளத்தில் ஒருவரே ஒரு பலகையோடு சமாளிக்கலாம். உங்களுடைய 60 மீட்டருக்கு இரு முனைகளிலும் ஆள் வேண்டும், அல்லது தொலைவிலிருந்து இயக்கும் ஒப்புதல் பெற்ற பலகைகள் வேண்டும். லாரி நடுவில் நின்றதும் இரண்டு பலகைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதைத் திட்டம் வரையும்போது பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் வரைபடத்தில் லாரி ஒரு செவ்வகம்தான். அதற்கு உயரம் இல்லை. எனவே வாக்கி டாக்கி கட்டாயம். சொற்களை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரு முனைகளும் தனித்தனியே நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கடைசியாக உள்ளே நுழைந்த வாகனத்தின் நிறத்தை ஒருவர் சொல்ல, அது வெளியேறியதை மற்றவர் உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகே கிரேனுக்குச் சைகை காட்டுபவர் கையைத் தூக்கலாம். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும், சைக்கிளில் மெதுவாக வரும் ஒருவர் சுமைக்குக் கீழே இருப்பார். நான் பார்த்த வரையில் ஆட்கள் கணக்கில் விட்டுவிடுவது சைக்கிளைத்தான். 60 மீட்டரைக் கார் கடக்கும் நேரத்துக்கும், ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவர் கடக்கும் நேரத்துக்கும் மூன்று மடங்கு வேறுபாடு இருக்கலாம்.

அடுத்தது நடைபாதை. பலகை வண்டிகளுக்குத்தான், நடப்பவர்களை அது நிறுத்தாது. கிரேன் கை நடைபாதைக்கு மேலும் போகுமானால், அதற்கென்று ஓர் ஆளும் தடுப்பும் தனியே வேண்டும். சுமை தூக்கும் வேலை, தகுதியுள்ள ஒருவரால் திட்டமிடப்பட்டு மேற்பார்வையோடு நடக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் சுமைதூக்கு விதிகள் கூறுகின்றன. அந்தத் திட்டத்தையும் போக்குவரத்துத் திட்டத்தையும் இரு வேறு ஆட்கள் இரு வேறு அறைகளில் எழுதிவிட்டு, தளத்தில்தான் முதன்முறையாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். நீங்களாவது இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்பதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சுமை காற்றில் இருந்தால் அதை எங்கே இறக்கி வைப்பது? அந்த இடம் பள்ளத்தின் விளிம்பாக இருக்கக் கூடாது. வெள்ளைக்கோடு சொன்ன அந்தத் திருப்பிக் கொடுக்கும் நேரம், சைரன் ஒலி கேட்கும்போதுதான் உண்மையில் சோதிக்கப்படும்.

கடைசியாக ஒன்று. பிற்பாடு ஸ்டாப்/கோவை விட்டுவிட்டுத் தற்காலிகச் சிக்னல் விளக்குகளுக்கு மாறினால், பச்சை எரியும் விளக்குக்கு முன்னால் ஸ்டாப் பலகையோடு ஆளை நிறுத்தாதீர்கள். விளக்கைக் கையியக்க நிலைக்கு மாற்றி, எல்லாப் பக்கமும் சிவப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு கட்டளைகள் இருந்தால் ஓட்டுநர் தனக்குப் பிடித்ததைத்தான் கேட்பார்.

—

நெடுங்கல் எழுதியது:

பத்து, பதினைந்து என்ற எண்களைப் பற்றிச் செங்கூம்பு கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நிமிட எண்ணைத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் ஒன்று எனக்குத் தெரியும். அமெரிக்காவின் சீரான போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கையேட்டில், பணித்தளங்களைப் பற்றிய ஆறாம் பகுதியில் தற்காலிகமாகச் சாலையை நிறுத்துவதற்கென்று 13ஆம் எண்ணுள்ள மாதிரி அமைப்பு ஒன்று இருக்கிறது. பகல் வேளையில் 20 நிமிடங்களுக்கு மேற்படாத, முன்பே திட்டமிட்ட நிறுத்தத்துக்கு உரியது அது. கொடிக்காரரோ சீருடை அணிந்த காவலரோ கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆனால் அதைச் சரியாக வாசிக்க வேண்டும்: அந்த எண், குறிப்பிட்ட அந்த வரைபடம் எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதைத்தான் சொல்கிறது, எல்லாச் சாலையிலும் 20 நிமிடம் நிறுத்தி வைக்கலாம் என்று உரிமை தரவில்லை. இது போன்ற எண்கள் கடல் கடந்து வாய்மொழியாகப் பரவும்போது நிபந்தனைகள் உதிர்ந்து, எண் மட்டும் மிஞ்சுகிறது என்பது என் ஊகம்.

இந்தியாவில் கேள்வியின் வடிவமே வேறு. பணித்தளப் போக்குவரத்துக்கு, சாலைத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் சிறப்பு வெளியீடு 55 இருக்கிறது. 2014இல் திருத்தி வெளியிடப்பட்டது. முன்னெச்சரிக்கைப் பகுதி, மாறுபகுதி, பணிப்பகுதி, முடிவுப்பகுதி என்று தளத்தைப் பிரித்து அது விளக்குகிறது. கொடி பிடிப்பவர், பலகை பிடிப்பவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டியவை எவை என்று சொல்லும்போது கட்டாயக் குறிகள், மத்திய அரசின் ஓட்டுதல் ஒழுங்குவிதிகள், மின்சாரச் சிக்னல், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் ஆகியவற்றைத்தான் குறிப்பிடுகிறது. ஒப்பந்தக்காரரின் கொடிக்கு அங்கே பெயர் இல்லை. ஆகவே முக்கியமான சாலையில் இரு திசைகளையும் நிறுத்த வேண்டும் என்றால், போக்குவரத்துக் காவலர் ஒருவரைத் தளத்துக்கு வரவழைப்பதே உறுதியான வழி. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு வாகனங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் இயன்ற அளவு விளம்பரம் செய்தால் போதும். இங்கும் மாதம்தான் அளவு. நிமிடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

—

மண்மேடு எழுதியது:

எல்லோரும் எப்படி நிறுத்துவது என்றே பேசுகிறீர்கள். நிறுத்தத்தான் வேண்டுமா என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

லாரியைத் தடுப்புக்கு உள்ளேயே, பள்ளத்துக்கு நீளவாக்கில், குழாய் கிடக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் நிறுத்தினால் கிரேன் கை பின்புறமாக மட்டும் சுழலும். ஓடும் பாதைக்கு மேலே போக வேண்டிய அவசியமே வராது. அதற்குத் தோண்டும் வரிசையை மாற்ற வேண்டும்: 60 மீட்டரையும் முதலில் தோண்டிவிட்டுக் குழாயை வரவழைக்காமல், தோண்டாத பகுதி கையிருப்பில் இருக்கும்போதே குழாயை இறக்கி வைத்துவிட வேண்டும். தரையில் இறக்கிய கட்டுகள் உருளாமல் ஆப்பு வைத்துத் தடுப்புக்குள் அடுக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் விளிம்பிலிருந்து லாரியின் சக்கரமும் தாங்கு கால்களும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் தகுதியுள்ளவர் முடிவு செய்ய வேண்டும்.

வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் கார்தான் எனக்குக் கவலை. ஸ்டாப்/கோ தளத்தில் வரிசையின் நீளம் ஓரளவு நிலையாக இருக்கும். இரு பக்கமும் நிறுத்தும்போது அது திடீரென்று இரண்டு மடங்காகி, முன்னெச்சரிக்கைக் குறியையும் தாண்டிப் பின்னால் போய்விடும். அப்போது வருகிற ஓட்டுநர் குறியைப் பார்ப்பதற்கு முன்பே நின்றிருக்கும் காரைப் பார்ப்பார். மணிக்கு 30 மைல் சாலையில் பெரும்பாலும் தப்பிவிடலாம். 60 மைல் சாலையில், வளைவுக்குப் பின்னால் என்றால் நினைத்துப் பாருங்கள்.

—

வெள்ளைக்கோடு எழுதியது:

மண்மேடு சொல்வது நியாயம்தான், நானே முதலில் சொல்லியிருக்கலாம். முன்னெச்சரிக்கைக் குறிகளின் தூரத்தை வழக்கமான வரிசைக்கு வைக்காமல், நிறுத்தும்போது உண்டாகும் மிக நீண்ட வரிசைக்கு வைக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்தில் ஊர்ப் பக்கத்து வரிசை வட்டச் சந்திப்பு வரை எட்டக்கூடும் என்பதால், அந்தச் சந்திப்புக்கு வரும் மற்றச் சாலைகளிலும் முதல் குறி வேண்டியிருக்கும். அது வரைபடத்தில் இருக்கிறதா?

ரயில் கடவை அருகில் இல்லை என்றீர்கள். 200 மீட்டருக்குள் இருந்தால் ரயில் அமைப்பிடம் முன்பே பேசியாக வேண்டும் என்பதை, பின்னால் இந்த உரையாடலை வாசிப்பவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

—

செங்கூம்பு எழுதியது:

வட்டச் சந்திப்பின் மற்றச் சாலைகளில் குறிகள் வரைபடத்தில் இல்லை, சேர்த்துவிடுகிறேன். லாரியை நீளவாக்கில் நிறுத்தும் யோசனையைத் தோண்டும் குழுவின் தலைவரோடு பேசினேன். முதல் 40 மீட்டருக்கு அது சாத்தியம் என்கிறார். கடைசி 20 மீட்டரில் சாலை குறுகிவிடுவதால் கிரேன் கை வெளியே வராமல் இறக்க முடியாது. ஆக, ஏழெட்டு முறை நிறுத்த வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று முறை போதும். பர்மிட்டில் திருத்தம் கேட்டு, முற்பகல் பத்து மணி முதல் பதினொன்றரை மணி வரை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மிகாமல், ஐந்து நிமிட இடைவெளியோடு, ஸ்டாப்/ஒர்க்ஸ் பலகையைக் கொண்டு நிறுத்துவதாக எழுதப் போகிறேன்.

ஒரே ஓர் ஐயம் மிச்சம். சாலைக்குக் குறுக்கே குழாயைக் கொண்டு செல்ல வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. அன்று இரண்டு பாதிகளையும் பாதி பாதியாகத் தோண்டி எஃகுத் தகடு போட்டுத் திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதையும் இதே முறையில் செய்யலாமா?

—

வெள்ளைக்கோடு எழுதியது:

பாதி பாதியாகத் தோண்டித் தகடு போடுவது வழக்கமான ஸ்டாப்/கோ பணியாகவே நடக்கும். தகடு தூக்கி வைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் இரு பக்கமும் நிறுத்தலாம். ஆனால் குழாயை இணைக்கும் வேலை இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் நடக்கும் என்றால், அப்போது சாலையை யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த ஒரு நாளுக்கு, அல்லது ஓர் இரவுக்கு, ஆணைக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சில் கேட்கும் கால அவகாசத்தைப் பார்த்தால், இன்றே அனுப்புவது நல்லது.